சீர்ல வைக்காத எஸ்.எம்.பி.எஸ்.

பையை அதுமேல வைக்காதீங்க தம்பி. கோவிச்சுக்கிராதீங்க. இந்தா, மேல கம்பியில வைங்க, இல்லாட்டி என்கிட்டக் குடுங்க, நான் மடியில வச்சுக்கிறேன். இந்த டப்பா மேல மட்டும் வேணாம். ஒடையிற சாமான் இல்ல. இருந்தாலும் வேணாம். தூக்கிப் பாருங்களேன். சும்மா தூக்கிப் பாருங்க. ம்? எப்புடி? கருங்கல்லு கணக்கா கனக்குதுல்ல?

அட, அட்டையில போட்டுருக்க படத்தைப் பாத்தே சொல்லிட்டீங்களே! கம்ப்யூட்டர் வேலையா ஒங்களுக்கு? நல்லதாப் போச்சு. அப்ப ஒங்களுக்கு வெளக்க வேண்டியதில்ல. எஸ்.எம்.பி.எஸ்.தான். கம்ப்யூட்டருக்குள்ள எல்லாத்துக்கும் கரண்டு பிரிச்சுக் குடுக்குற பொட்டி. எழுநூத்தம்பது வாட்டு. கோல்டு முத்திரை குத்துனது. நீங்க எதுவரைக்கும்? தேனியா? எனக்கு உசிலம்பட்டி. அக்கா வீடு. அதுக்குள்ள சொல்லி முடிச்சிரலாம். நாலு பேரு கேக்கணும் தம்பி இந்தக் கதையை. ஜெயிச்ச கதை. நம்ம ஜெயிச்சதை நம்மளே சொன்னாத்தான உண்டு, அவன் வந்து சொல்லுவானா?

அவன்னா எங்க மச்சான். அக்கா புருஷன். வனராசுன்னு பேரு. மரியாதையாத்தான் பேசணும், அக்கா புருஷனாச்சே. பேசுறேன், பேசுறேன். நேர்ல பாத்தா வாங்க மச்சான், போங்க மச்சான்தான். இப்ப நேர்ல இல்லையில்ல?

எனக்கு மைக்செட் தொழில். மதுரையில செல்லூர்ல கடை. மைக்செட் தவசின்னு கேட்டுப் பாருங்க, யாரும் காட்டுவாய்ங்க. ரேடியோ செட்டு, கொழா ஸ்பீக்கரு, சீரியல் பல்பு, ஜெனரேட்டர், அம்புட்டும் நம்மகிட்ட இருக்கு. அக்கா வீட்டு விசேசம்னா வாடகை கெடையாது, தெரியும்ல? தாய்மாமன் எவனாவது வாடகை கேப்பானா?

அக்கா மகனுக்குக் காதுகுத்து வந்துச்சு. தாய்மாமன் மடியில ஒக்காந்துதான காது குத்தணும்? குத்தியாச்சு. நான் ஒரு மிக்சியும், பையன் கழுத்துக்கு ஒரு செயினும் கொண்டு போயிருந்தேன். செயினை என் கையாலயே போட்டு விட்டேன். மைக்குல ஒரு பெருசு ஒவ்வொருத்தர் செஞ்ச மொறையா வாசிக்கிறாரு. நான் காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறேன். என்ன வாசிச்சாருங்கிறீங்க? "தாய்மாமன் தவசி, மிக்சி ஒண்ணு." அம்புட்டுத்தான். மிக்சி ஒண்ணு! பிள்ளை கழுத்துல செயினு தகதகன்னு மின்னுது. அதை விட்டுட்டு மிக்சி ஒண்ணாம். அடுத்தாப்புல மச்சான் தம்பிக்காரன் போட்ட மோதிரத்தை மட்டும் ரெண்டு தடவை வாசிக்கிறாரு. எவன் மைக்கு அது? என் மைக்கு. எவன் கொழா? என் கொழா. புளியமரத்து உச்சியில நான் ஏறிக் கட்டுன கொழா தம்பி. அது ஊருக்கே கத்துது, மிக்சி ஒண்ணுன்னு.

நான் மச்சான்கிட்டப் போயி, "என்ன மச்சான், செயினை விட்டுட்டாய்ங்க?"ன்னு கேட்டேன். தன்மையாத்தான் கேட்டேன். அதுக்கு அவன் பந்தியில ஒக்காந்திருந்த அம்புட்டுப் பேருக்கும் கேக்குற மாதிரி, "ஒன் மைக்குதான மாப்ள, நீயே சொல்லிக்கிறது"ன்னான். சிரிச்சாய்ங்க பாருங்க. எலையில சோத்தை வச்சுக்கிட்டு, வாயில வச்ச சோறு தெறிக்கத் தெறிக்கச் சிரிச்சாய்ங்க. ரெண்டாவது தடவை சாம்பார் ஊத்த வந்தவன்கூட சிரிச்சான். பெறகு நானும் பந்தியில ஒக்காந்தேன், சோத்துல கை வைக்கல. எலையை மூடிட்டு எந்திரிச்சேன். அன்னைக்கு முடிவு பண்ணுனேன். ஒரு நாளைக்கு நீ என்கிட்ட வாயத் தொறந்து கேக்கணும்டா. நாலு பேரு முன்னாடி கேக்கணும். என்னத்தைக் கேக்கணும்னு அப்பத் தெரியாது. ஆனா கேக்கணும்.

சின்ன விசயம்கிறீங்களா? ஒங்க மூஞ்சியில தெரியுது. ஒங்களுக்கு அக்கா இருக்கா? இல்லையில்ல? அப்ப ஒங்களுக்குப் புரியாது, விடுங்க.

அக்காவுக்கு மூத்தது பொண்ணு. இலக்கியான்னு பேரு. அது எம் பிள்ளை மாதிரி தம்பி. ஞாயித்துக்கெழமையானா போன் வந்துரும், "மாமா, என்ன செய்யிற?"ன்னு. அம்புட்டு அறிவு. கம்ப்யூட்டர்ல வெளாடுறதுன்னா உசுரு. பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரைத் தொறந்து பாத்து வாத்தியார்ட்ட அடி வாங்குன பிள்ளை. அது பெரிய மனுசியாச்சு. சடங்கு வைக்கணும்னு தேதி குறிச்சாய்ங்க. நான் போன்ல கேக்குறேன், "தங்கம், மாமா ஒனக்குப் பட்டு எந்தக் கலர்ல எடுக்கட்டும்?" அது சொல்லுது, "பட்டு பேருக்கு ஒண்ணு எடு மாமா. எனக்குக் கேமிங் கம்ப்யூட்டர் வேணும். ஒண்ணொண்ணா வாங்கிக் குடு, நானே மாட்டிக்கிறேன்."

எனக்கு அப்பத்தான் பளிச்சுன்னுச்சு. ஒண்ணொண்ணா! ஒரே பொட்டியா வாங்குனா ஒரு தட்டு. மைக்குல ஒரு பேரு. "கம்ப்யூட்டர் ஒண்ணு"ன்னு முடிச்சிருவாய்ங்க. ஒண்ணொண்ணா வாங்குனா? ஒவ்வொண்ணுக்கும் ஒரு தட்டு. ஒவ்வொண்ணுக்கும் மைக்குல ஒரு பேரு. வாசிக்கட்டும்யா, வாய் வலிக்க வாசிக்கட்டும்.

டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னாடி ஒரு சந்து, பூராக் கம்ப்யூட்டர் கடை. அங்க போயி வீடியோ கால்ல அதைக் கூப்புட்டு, அது கை காட்டுனதை எல்லாம் எடுத்தேன். கடைசியாத்தான் இந்த எஸ்.எம்.பி.எஸ். அப்ப அது சொல்லுச்சு பாருங்க, "மாமா, மத்ததுல எதுல வேணாலும் கொறைச்சுக்க. இதுல மட்டும் கொறைச்சிராத. இது மோசம்னா மத்த எல்லாத்தையும் கூட்டிக்கிட்டுப் போயிரும்."

எனக்குத் தெரியாததா? பவர் சரியில்லாம எத்தனை ஆம்ப்ளிபயரைக் கருக்கியிருக்கேன். ஜெனரேட்டர்ல லோடு பாக்குற மாதிரிதான. கார்டு எம்புட்டு இழுக்கும், பிராசசர் எம்புட்டு இழுக்கும், கூட்டிப் பாத்துட்டு மேல கொஞ்சம் மிச்சம் வைக்கணும். மூச்சு முட்ட ஓடவிடக் கூடாது. நான் ஆயிரம் வாட்டைக் கையில எடுத்தேன். பிள்ளை சிரிக்குது. "மாமா, ஊர்த் திருவிழாவுக்கா லைட்டுப் போடப் போற? எழுநூத்தம்பது ரொம்பவே போதும். வாட்டைப் பெருசா அச்சடிச்சா ஆச்சா? சும்மா அட்டையில ஐநூறுன்னு போட்டுருப்பாய்ங்க, உள்ள ஒண்ணும் இருக்காது. தூக்கிப் பாரு." கடையில ஒரு மட்டமான டப்பா கெடந்துச்சு. தூக்கிப் பாத்தேன். பொரி மூட்டை மாதிரி இருக்கு. இதைத் தூக்குனேன். கைய இழுக்குது. அந்தா, அதுதான் இது. நானும் பிள்ளையும் சேந்து பாத்து எடுத்தது.

வீட்டுக்குக் கொண்டாந்து எல்லாத்தையும் அடுக்கி வச்சுட்டுப் பாக்குறேன். அப்பத்தான் தம்பி, அந்த யோசனை வந்துச்சு. யாருக்கும் வராது இந்த யோசனை. அம்புட்டையும் குடுப்போம், இதை மட்டும் வைக்காம விடுவோம். ஊரு பாக்க எல்லாம் இருக்கும். ஆனா சுச்சைப் போட்டா எரியாது. எரியணும்னா அவன் எங்கிட்ட வரணும். "மாப்ள, அந்த எஸ்.எம்.பி.எஸ்ஸைக் குடு"ன்னு வாயால கேக்கணும். யாராச்சும் ஏன்டா வைக்கலன்னா சொல்றதுக்குக் காரணமும் இருக்கு. சீர்த்தட்டு ஒத்தப்படையில வரணும்ல? இதை வச்சா ரெட்டப்படை ஆயிரும். சாமி குடுத்த காரணம்.

சடங்கன்னைக்குப் பாத்திருக்கணும் நீங்க. முன்னால மேளம். எங்க சனத்துப் பொம்பளைக வரிசையா வர்றாக. தேங்காத் தட்டு, பழத் தட்டு, பட்டுத் தட்டு. அதுக்குப் பின்னால கேபினெட்டு, மதர்போர்டு, மானிட்டரு, கிராபிக்ஸ் கார்டு. கார்டுக்கு மல்லியப்பூ சுத்தி, குங்குமம் வச்சிருந்தேன். மைக்குல அதே பெருசு. "தாய்மாமன் தவசி... கிராபிக்ஸ்... கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு!" ஊரே எந்திரிச்சுப் பாக்குது. மச்சான் தம்பிக்காரன் மூஞ்சி செத்துப் போச்சு. மச்சான் மட்டும் இளிச்சுக்கிட்டு நிக்கிறான், அவனே சம்பாரிச்சு வாங்குன மாதிரி. இளிடா, இளின்னு நெனச்சுக்கிட்டேன்.

பிள்ளை மணையில ஒக்காந்து ஒவ்வொரு தட்டா பாக்குது. கடைசித் தட்டு வரைக்கும் பாத்துட்டு என்னையப் பாத்துப் புருவத்தை ஒசத்துச்சு. அது எங்கன்னு கேக்குது. நான் கண்ணைச் சிமிட்டுனேன், இருக்குன்னு. அதுவும் சிரிச்சுருச்சு. மாமன்கிட்டதான இருக்குன்னு நம்பிக்கை.

மறுநாளே எல்லாத்தையும் மாட்டிருச்சு தம்பி. ஒத்தையில. வீடியோ கால்ல காட்டுது, "இந்தா பாரு மாமா, இதுக்கு மட்டும் எடம் விட்டு வச்சிருக்கேன். எப்பக் கொண்டாருவ?" நான் சொன்னேன், "அப்பாவை ஒரு வார்த்தை கேக்கச் சொல்லு தங்கம், மாமா ஓடியாந்துருவேன்." அது போயி அவன்ட்டச் சொல்லியிருக்கு. அவன் என்ன சொல்லியிருக்கான் தெரியுமா? "சீர்ல கொறை வச்சவன் அவன். அவனாக் கொண்டாந்து குடுக்கட்டும். நான் எதுக்குக் கேக்கணும்?" திமிரைப் பாத்தீங்களா! பிள்ளை ஆசையா மாட்டி வச்சிட்டு ஒக்காந்திருக்கு. பெத்த அப்பன், ஒரு வார்த்தை கேட்டா என்ன கொறைஞ்சா போவான்? என்ன மனுசன் அவன்?

அக்கா போன் பண்ணி அழுகுது. "ஏன்டா தம்பி, ஒரு டப்பாவுக்கா இம்புட்டு?" "டப்பாவுக்கு இல்லக்கா, ஒம் புருசன் வாய்க்கு"ன்னு சொன்னேன். முழுப்பரீட்சை லீவு வந்துச்சு. சேக்காளிகளோட சேந்து வெளாடணும்னு சொல்லி வச்சிருந்துச்சாம் பிள்ளை. லீவும் போச்சு. தெனமும் அந்தப் பொட்டியைத் துணி வச்சுத் தொடைக்குமாம். அக்காதான் சொல்லுச்சு. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு தம்பி. அம்புட்டு ஆத்திரம் அவன் மேல.

அப்பறம் ஒரு நாளு பிள்ளைட்ட இருந்து போன். ரகசியமாப் பேசுது. "மாமா, அப்பா ஒண்ணு வாங்கிட்டு வந்துட்டாரு. ஐநூறு வாட்டுன்னு போட்டுருக்கு. ஆனா வெயிட்டே இல்ல மாமா. கார்டுக்குப் போற ஒயரு இதுல இல்ல. கடைக்காரரு ஒரு ஒட்டு ஒயரு குடுத்துருக்காரு. இந்தா பாரு." போன்ல காட்டுது. பாத்தேன். நூலு மாதிரி ஒயரு. எனக்கு ஒரு பார்வை போதும். அந்தக் கார்டு இழுக்குற இழுப்புக்கு அந்த ஒயரு ஒரு மாசம் தாங்குனா அதிசயம். "மாட்டலாமா மாமா? நீ சொல்லு. நீ வேணாம்னா நான் மாட்டல, அப்பாகிட்ட அடம் புடிச்சுக்கிறேன்"னுச்சு.

நான் என்ன சொன்னேங்கிறீங்க?

"அப்பாவே வாங்கிட்டாருல்ல. மாட்டு தங்கம்"னேன்.

என்ன அப்படிப் பாக்குறீங்க? பின்ன என்ன சொல்லச் சொல்றீங்க? மாட்டாதன்னு நான் தடுத்தா அவனைக் காப்பாத்துன மாதிரி ஆயிராது? கேக்கக் கூடாதுங்கிறதுக்காகப் பொரி மூட்டையைத் தூக்கிட்டு வந்து வச்சிருக்கான். கருகட்டும்யா. அவன் கண்ணு முன்னாடி கருகட்டும். நான் பிள்ளையை ஒண்ணும் சொல்லலையே. அவன் வாங்குனான், அவன்தான பொறுப்பு?

கொஞ்ச நாள் ஓடுச்சு. பிள்ளைக்கு ஒரே சந்தோசம். "மாமா, எப்புடி ஓடுது தெரியுமா"ன்னு போன்ல காட்டும். நான் ம், ம்னு கேட்டுக்கிருவேன். ஒவ்வொரு தடவை போன் அடிக்கையிலயும், இன்னைக்குக் கருகிருச்சுன்னு சொல்லுமோன்னுதான் எடுப்பேன். ஒரு நாளு சாயங்காலம் அக்கா போன். வெளாடிக்கிட்டே இருந்துச்சாம், டப்புன்னு ஒரு சத்தம், வீடு பூராப் பொகையாம். எஸ்.எம்.பி.எஸ். போச்சு, கார்டு போச்சு, போர்டும் போச்சு. பக்கத்து வீட்டுக்காரவுக எல்லாம் ஓடியாந்துட்டாகளாம். "வனராசு வாங்குன சாமானாம்ல"ன்னு தெரு பூராப் பேச்சாம். அதை அக்கா சொல்லச் சொல்ல எனக்கு, இந்தா, இங்க நெஞ்சுக்குள்ள பாலை ஊத்துன மாதிரி இருந்துச்சு.

அப்பறம் வந்தான் தம்பி. வந்தான்! என் கடைக்கே வந்தான். நான் அன்னைக்கு ஒரு ஆம்ப்ளிபயரை டெஸ்ட் பண்ணிக்கிட்டிருக்கேன். கொழாவை வெளிய ஸ்டூல்ல வச்சு, தெருவைப் பாக்கத் திருப்பி விட்டுருக்கேன். கையில மைக்கு. பிள்ளையைக் கூட்டிக்கிட்டு பைக்குல வந்து எறங்குறான். பிள்ளை வண்டிகிட்டயே நின்னுக்கிருச்சு. அவன் மட்டும் உள்ள வந்தான், தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு. நான் மைக்கு சுச்சை அமத்தல. தெரிஞ்சுதான் அமத்தல. கையைத் தாழ்த்தி அவன் வாய்க்கு நேரா வச்சுக்கிட்டு, "என்ன மச்சான், சத்தமாச் சொல்லுங்க"ன்னேன்.

சொன்னான். "மாப்ள, அந்த எஸ்.எம்.பி.எஸ்ஸைக் குடு. தப்புத்தேன். பிள்ளை சோறு திங்க மாட்டேங்குது."

செல்லூர் பூராக் கேட்டுச்சு! டீக்கடையில இருந்தவன் டம்ளரோட எந்திரிச்சு வந்துட்டான். தையக்கடையில மிசினு நின்னு போச்சு. மச்சான் மூஞ்சியைப் பாக்கணுமே! தன் கொரலு தெருவுல கேக்கவும், திருதிருன்னு முழிக்கிறான். அந்த நேரம் எனக்குச் சந்தோசம் தாங்கல தம்பி. மனசுல கெடந்தது எல்லாம் பொங்கிருச்சு. மைக்கு கையில இருக்கு. "எனக்கு அன்னைக்கே தெரியும்யா! பிள்ளை போன்ல காட்டுனப்பவே தெரியும், அது கருகுமுன்னு! கருகட்டும்னுதான்யா நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்! ஒன்னைய இந்த வாசலுக்கு வர வச்சேன்ல?"ன்னேன். அதுவும் தெருவுக்கே கேட்டுச்சு.

பெறகென்ன. டப்பாவை எடுத்து நீட்டுனேன். அவன் வாங்கிக்கல. வாசலைப் பாத்துக்கிட்டு நின்னான். திரும்பிப் பாத்தா, பிள்ளை வாசப்படியில நிக்குது.

"மாமா, நான் அந்த ஒயரைக் காட்டிக் கேட்டேன்ல. அப்பவேவா?"ன்னுச்சு.

"ஒங்கப்பனை மடக்கத்தான் தங்கம். ஒன்னைய இல்ல"ன்னேன். உள்ளதைத்தான் சொன்னேன். அது அழுகக்கூட இல்ல. "வண்டிய எடுங்கப்பா"ன்னுச்சு. அவன் பாட்டுக்கு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டான். கேட்ட சாமானை வாங்காமப் போறான்னா பாருங்க. அப்பயும் திமிரு.

பிள்ளை போனா? இல்ல தம்பி, போன் இப்ப வர்றதில்ல. பள்ளிக்கூடத்துல படிப்பு சாஸ்தி போல. நான் பண்ணுனா எடுக்கல. அக்காதான் எடுக்கும், "அவ தூங்குறாடா"ங்கும். பகல்லயே என்ன தூக்கமோ. அதான் நேர்லயே குடுத்துருவோமுன்னு இதை எடுத்துக்கிட்டுக் கெளம்புனது.

என்ன கேட்டீங்க? போர்டும் கார்டும் போனப்பறம் இது எதுக்கா? ம். ஆமா. அதுவும் சரிதான். இதை மாட்டுறதுக்கு அங்க ஒண்ணும் இல்லதான். அதுக்கென்ன, வாங்கிக்கலாம். கார்டு, போர்டு, எல்லாம் நானே மறுபடி வாங்கித் தாரேன். அவன் ஒரு வார்த்தை கேட்டா.

இல்ல, நீங்க படிச்சவுக, நீங்களே சொல்லுங்க. அவன் கேட்டானா இல்லையா? ஊரு முன்னாடி கேட்டான்ல? அப்ப ஜெயிச்சது யாரு? நான்தான? வெளிய பாத்தா எப்புடி, சொல்லுங்க தம்பி.

என்ன கண்டக்டரே? தெரியுது, உசிலம்பட்டிதான். எனக்கு ஊரு தெரியாதா? ஆளுக எறங்கட்டும், இரு. அந்தா மெடிக்கல் கடையை ஒட்டுன சந்து தம்பி, உள்ள போனா மூணாவது வீடு. மாடியில பச்சைக் கலர் சன்னல் தெரியுதுல்ல, அதுதான் பிள்ளை ரூம்பு. சாத்தியிருக்கு. வெயிலுக்குச் சாத்தியிருக்கும்.

இருய்யா, ஏன் விசிலைக் கையில வச்சுக்கிட்டு அவசரப்படுத்துற? நேத்து எறங்கலைன்னா? முந்தாநாளு எறங்கலைன்னா ஒனக்கென்ன? அதை எதுக்கு இவரு முன்னாடி சொல்ற? காசு குடுக்காமயா வந்தேன்?

சரி, சரி. கத்தாத. தேனிக்கு ஒண்ணு போடு.